ஆறு ரேடியேட்டருக்கு மூன்று கொட்டேஷன்

டோரீன் கையுறையைக் கழற்றாமலே அவித்த முட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"கிளிஃப், இந்த வீட்டுல சூடா இருக்கறது இந்த முட்டை ஒண்ணுதான். தின்னுட்டா அதுவும் போயிடும்."

கிளிஃபர்ட் பாராக்ளஃப் செய்தித்தாளை இறக்கினார். எதிரே மனைவி கோட்டும் குல்லாயும் மஃப்ளருமாக, ரயில் லேட்டான பயணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். சமையலறை மூலையில் பாய்லர், மலையேறும் லாரி போல உறுமியது. தண்ணீரைக் காய்ச்சி, குழாய் வழியே ஒவ்வொரு அறையிலும் இருக்கும் ரேடியேட்டருக்கு அனுப்புவது அதன் வேலை.

"பாய்லர் நல்லாத்தானே ஓடுது?" என்றார் கிளிஃபர்ட். பையன் ராப்பகலாகப் படிக்கிறான், மார்க்குதான் வரமாட்டேன் என்கிறது என்று சொல்லும் அப்பாவின் குரல் அது.

"ஓடுது. எங்க ஓடுதுன்னுதான் தெரியல."

முட்டையைத் தின்று முடித்த கையோடு டோரீன் பெட்டி கட்டினாள். கடலோரத்தில் பிரிட்லிங்டனில் அக்கா ஷெர்லி வீடு இருக்கிறது.

"முன் ரூம்ல கோட்டு இல்லாம உக்கார முடியற அன்னிக்கு போன் பண்ணு. வரேன்."

"அங்க உங்க அத்தான் அக்கார்டியன் வாசிப்பாரே?"

"அதையே தாங்கிக்கறேன்னு கிளம்பறேன்ல? அப்ப இங்க எப்படி இருக்குன்னு நீயே பாத்துக்க."

அவள் போன பிறகுதான் கிளிஃபர்ட் கவனித்தார். வீட்டிலிருந்த வெந்நீர்ப் பை இரண்டையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. ஒருமுறைகூட அவருடைய வெந்நீர்ப் பையில் அவள் கை வைத்ததில்லை. விஷயம் முற்றிவிட்டது என்று புரிந்தது.

வாசலுக்கு வந்தார். ஹாலிஃபாக்ஸில் அந்தத் தெரு முழுக்க ஒட்டு வீடுகள். ஒரே சுவரை இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். பக்கத்து வாசற்படியில் மிஸஸ் கிராப்ட்ரீ நின்றிருந்தார். கணவரை இழந்து தனியாக இருப்பவர், எழுபதைத் தாண்டியவர். நவம்பர் மாதம். கையில்லாத பூப்போட்ட கவுன்.

"குளிருது இல்ல?" என்றார் மிஸஸ் கிராப்ட்ரீ.

"ஆமா. சரியான குளிர்," என்றார் கிளிஃபர்ட்.

பத்தொன்பது வருஷமாக இதுதான் பேச்சு. ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போனதில்லை. வானிலையைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் எதைச் சொன்னாலும் ஆமாம் என்பதுதான் அந்த ஊர் மரியாதை. அவர் ஏன் கையில்லாத கவுனில் நிற்கிறார் என்று கேட்பது வம்பு.

"இந்தா கண்ணு, நாலு தக்காளி. ஜன்னலோரம் தொட்டியில காய்ச்சது."

நவம்பரில் தக்காளி எப்படிக் காய்க்கும் என்று கேட்பதும் வம்பு. கிளிஃபர்ட் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

முதல் கொட்டேஷனுக்கு பேரி வந்தார். பெரிய உடம்பு. இரண்டு கோப்பை தேநீரும் பிஸ்கட் பாக்கெட்டில் முக்காலும் உள்ளே போன பிறகு எழுந்து பாய்லரின் மூடியைக் கழற்றினார். பல்லிடுக்கில் 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாகக் காற்றை இழுத்தார்.

"யாரு தலைவரே இதைப் போட்டது?"

பாய்லர்காரர்கள் எல்லோருக்கும் இதுதான் கடவுள் வாழ்த்து. அதைப் போட்டவர் யாரென்று கிளிஃபர்டுக்குத் தெரியாது. வீடு வாங்கும்போதே இருந்தது.

"பாவம், செத்துக்கிட்டிருக்கு. பதினாலு ரேடியேட்டருக்கு உண்டான வேலையை ஒண்டியா செய்யுது."

"எங்க வீட்டுல ஆறுதாங்க."

"நல்லா எண்ணுனீங்களா?"

கிளிஃபர்ட் ஒரு கம்பளி ஆலையில் கணக்கு எழுதியே தலை நரைத்தவர். ஆறு வரை எண்ணத் தெரியுமா என்று அவரை யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் மாடிக்குப் போய் எண்ணிவிட்டு வந்தார்.

"ஆறு."

"அப்ப ஆறும் பதினாலு மாதிரி இழுக்குது. பெரிய பாய்லர்தான் போடணும், தலைவரே. இருக்கறதுலயே பெருசு." விலையைச் சொன்னார். கிளிஃபர்ட் அருகிலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் குழாய் எங்க போகுது?" பாய்லரிலிருந்து கிளம்பிச் சுவருக்குள் புகுந்த தடித்த குழாய் ஒன்றைத் தட்டினார் பேரி.

"தெரியலையே."

"பழைய வீடு. அப்படித்தான் நாலு குழாய் சும்மா கெடக்கும்." போகும்போது, இது என் அன்பளிப்பு என்று சொல்லி, தண்ணீரைத் தள்ளும் பம்ப்பை முழு வேகத்தில் திருகி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் முன் அறை இன்னும் குளிர்ந்தது. மேஜையில் வைத்த வெண்ணெயில் கத்தி இறங்கவில்லை. மிஸஸ் கிராப்ட்ரீ ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்.

இரண்டாவதாக நெவில். ஒல்லி. மூக்குக் கண்ணாடி, அளவு நாடா. தேநீர், ஸ்ஸ்ஸ், "யாரு சார் இதைப் போட்டது?" எல்லாம் முறைப்படி நடந்தது. பிறகு அறை அறையாக அளந்தார்.

"பெருசு போடணும்னு எவன் சொன்னான்?"

"போன வாரம் ஒருத்தர் வந்திருந்தாரு."

"திருடன். உங்க வீட்டுக்கு இப்ப இருக்கறதே ரெண்டு மடங்கு சார். பாதி போதும்."

"ரெண்டு மடங்கு இருந்தா ஏங்க குளிருது?"

"ஜாஸ்தியா இருக்கறதாலதான் குளிருது."

கிளிஃபர்ட் இதை யோசித்துப் பார்த்தார். அலுவலகத்தில் நிர்வாகிகள் இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறார். அங்கேயும் தலையாட்டித்தான் பழக்கம்.

"யாரும் படுக்காத ரூம்ல எதுக்கு சூடு? மாடியில மூணை மூடிடுங்க. அந்தச் சூடெல்லாம் மிச்ச மூணுக்கு வந்துடும்," என்று நெவில் தானே போய் மூடிவிட்டு வந்தார்.

மூன்றில் மிச்சமான சூடு மீதி மூன்றுக்கு வரவில்லை. அன்று மாலை கிளிஃபர்ட் குல்லாய் மேல் குல்லாய் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபோது மிஸஸ் கிராப்ட்ரீ விசிறிக்கொண்டே தக்காளி கொடுத்தார். இந்த முறை ஒரு கூடை.

"குளிருது இல்ல?"

"ஆமா. சரியான குளிர்."

டோரீன் போன் செய்தாள். பின்னால் அக்கார்டியன் கேட்டது.

"சூடாச்சா?"

"ஒருத்தர் பெருசு போடச் சொல்றாரு, ஒருத்தர் சின்னது போடச் சொல்றாரு."

"நீ என்ன சொல்ற?"

"நான் தேநீர் போடறேன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது டோரீனா, அக்கார்டியனா என்று தெரியவில்லை. "கிளிஃப், ஷெர்லி எனக்கு அலமாரியில ஒரு தட்டு ஒதுக்கிக் குடுத்திருக்கா. துணியை அடுக்கட்டுமா, பெட்டியிலயே இருக்கட்டுமா?"

"பெட்டியிலயே இருக்கட்டும், டோரீன்." அந்த வாரத்தில் அவர் தீர்மானமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

மூன்றாவதாக வந்த பியர்ஸுக்கு மீசை இன்னும் சரியாக வரவில்லை. தேநீர் வேண்டாம் என்றான். வெறும் வெந்நீர் போதும் என்றான். கிளிஃபர்டுக்கு அப்போதே அவன் மேல் நம்பிக்கை போய்விட்டது. பியர்ஸ் கொல்லையில் வைக்கிற ஹீட் பம்ப் என்ற இயந்திரத்தை விற்பவன். வெளிக்காற்றிலிருந்தே சூட்டைப் பிழிந்து எடுக்கும் என்றான். வெளிக்காற்றில் அப்போது பனி விழுந்துகொண்டிருந்தது.

பையிலிருந்து ஒரு கேமராவை எடுத்தான். குளிர்ந்த இடம் நீலமாகவும் சூடான இடம் சிவப்பாகவும் தெரியுமாம். முன் அறை முழுக்க நீலம். சோபா நீலம். டோரீனின் நாற்காலி கருநீலம். கிளிஃபர்டின் மூக்கும் நீலம். ஒரு சுவர் மட்டும் சிவந்திருந்தது.

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரு சார்?"

"மிஸஸ் கிராப்ட்ரீ."

"அவங்க வீட்டுச் சூடு உங்க பக்கம் லீக் ஆகுது. கோவிச்சுக்காதீங்க சார், உண்மையைச் சொன்னா நீங்க அவங்க செலவுல குளிர்காயறீங்க."

பியர்ஸ் கொட்டேஷனை நீட்டினான். அதுவரை பாய்லரை ராப்பகலாக அணைக்காமல் ஓட விடச் சொல்லிவிட்டுப் போனான். கிளிஃபர்டுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கடன் வாங்கியறியாத மனிதர். தனியாக இருக்கும் ஒரு விதவையின் சூட்டில் பத்தொன்பது வருஷம் குளிர்காய்ந்திருக்கிறார். அதுவும் தக்காளியையும் வாங்கிக்கொண்டு.

மறுநாள் கடையில் இருந்ததிலேயே நல்ல இஞ்சிக் கேக்காகப் பார்த்து வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அடித்தார். முதல்முறை. மிஸஸ் கிராப்ட்ரீ கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. அதைக்கூட மூச்சில் இழுக்கக் கூசி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மன்னிக்கணும். எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது. சூடெல்லாம் சுவர் வழியா... இத்தனை வருஷமா... எங்களுக்குத் தெரியாமலே நடந்துபோச்சு."

மிஸஸ் கிராப்ட்ரீ அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேக்கைப் பார்த்தார். பிறகு கேக்கை வாங்கிக்கொண்டார்.

"அதனால என்ன கண்ணு? அக்கம்பக்கம்னா அப்படித்தான். நான் என்னிக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?"

கிளிஃபர்ட் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டார். பெருசு, சின்னது, கொல்லை இயந்திரம் என்று மூன்று கொட்டேஷனையும் அவரிடமே ஒப்பித்தார்.

"பெருசே போட்டுடு," என்றார் மிஸஸ் கிராப்ட்ரீ. "இந்த வருஷம் குளிர் ஜாஸ்தின்னு ரேடியோல சொல்றான்."

பேரி வந்தார். தேநீர் ஆறாக ஓடியது. பீரோ அளவுக்கு ஒரு பாய்லர் சமையலறையில் ஏறி உட்கார்ந்தது. பழையது லாரி என்றால் இது ரயில். பழைய குழாய்களையெல்லாம் அப்படியே மாட்டி, பம்ப்பை முழுசாகத் திருகி, "இனிமே நீங்க சட்டை போடத் தேவையில்ல, தலைவரே," என்றார் பேரி. கிளிஃபர்ட் அவர் போகும்வரைகூடக் காத்திருக்காமல் பிரிட்லிங்டனுக்கு போன் போட்டார்.

டோரீன் மறுநாள் பனியில் வந்து இறங்கினாள். பெட்டியைக் கீழே வைத்தாள். தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். புது பாய்லர் வீடே அதிர முழங்கியது. கிளிஃபர்ட் அவள் கோட்டுப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார். டோரீன் முதல் பொத்தானைக் கழற்றினாள். கொஞ்சநேரம் யோசித்தாள். திரும்பப் போட்டுக்கொண்டாள். ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்தாள்.

"கிளிஃப்."

"இப்பத்தானே போட்டிருக்கு. சூடாகக் கொஞ்சம் நேரம்..."

"கிளிஃப், உன் மேல எனக்குக் கோவமே இல்ல. ரொம்ப களைப்பா இருக்கு, அவ்வளவுதான்." பெட்டியை எடுத்துக்கொண்டாள். "அந்த அலமாரித் தட்டு இன்னும் காலியாத்தான் இருக்கும்."

அவள் கதவருகே போகவும் யாரோ தட்டவும் சரியாக இருந்தது. கிளிஃபர்ட் திறந்தார். பின்னால் பனி கொட்டிக்கொண்டிருக்க, மிஸஸ் கிராப்ட்ரீ கழுத்தில் துண்டும் கையில் விசிறியுமாக, முகமெல்லாம் வேர்த்து நின்றிருந்தார்.

"வெக்கையா இருக்கு இல்ல?"

"ஆமா. சரியான வெக்கை," என்றார் கிளிஃபர்ட், பழக்கதோஷத்தில்.

மிஸஸ் கிராப்ட்ரீ டோரீனைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். பிறகு தயங்கித் தயங்கி, யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர் போலச் சொன்னார்:

"பெருசு போடுன்னு நான்தான் சொன்னேன், தப்பு என் மேலதான் கண்ணு, ஆனா என் வீட்டு எட்டு ரேடியேட்டரும் கொதிக்குது, உன் பழைய பாய்லரே எனக்குச் சரியா இருந்துச்சு, இதைக் கொஞ்சம் கம்மி பண்றியா?"