இரும்பு மிஸ்ஸி பறித்த குளிசைகள்

ஸ்கந்தபுரத்தில் அண்மைக் காலத்தில் பிறந்த குழந்தைகள் எல்லாம் இரும்பு மிஸ்ஸிக்குப் பயந்து, சொன்ன தேதியில், சொன்ன எடையில் பிறந்தவை. இதை நான் எந்த நீதிமன்றத்திலும் சொல்லத் தயார்.

இரும்பு மிஸ்ஸி அப்போது எங்கள் பகுதியின் குடும்பநல மாதாக இருந்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். உயரம் அவருடைய ஸ்கூட்டியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கர்ப்பிணிகளுக்கு இரும்புக் குளிசை கொடுப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. அவரைப் பொறுத்தவரை மற்ற வேலைகள் எல்லாம் அதற்கு இடையில் வரும் தொந்தரவுகள். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், கேட்டவருக்கும் இரண்டு குளிசை கொடுத்திருப்பார்.

படலைக்கு வெளியே ஸ்கூட்டியை நிற்பாட்டாமலே குரல் கொடுப்பார்.

"பிள்ளை! கறுப்போ?"

இரும்புக் குளிசையை ஒழுங்காகப் போட்டால் மலம் கறுப்பாகும். போட்டேன் என்று வாய் பொய் சொல்லலாம், அது பொய் சொல்லாது என்பது மிஸ்ஸியின் கொள்கை. வீதியில் யார் நிற்கிறார்கள் என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. ஒருமுறை கலியாண வீட்டுப் பந்தியில், நான்கு இலை தள்ளி இருந்த பெண்ணிடம் இதே கேள்வியைக் கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு "ஓம் மிஸ்ஸி" என்றாள். நடுவில் இருந்த பெரியவர் ஒருவர் தன் இலையிலிருந்த கத்தரிக்காய்ப் பொரியலை மெதுவாக ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்.

எங்கள் முன்வீட்டுப் பெண் குளிசைகளை முருங்கை மரத்தடியில் எறிந்துகொண்டிருந்தாள். மழை பெய்து குளிசைகள் கரைந்து மண் சிவந்துவிட்டது. மிஸ்ஸி வந்து, குடை நுனியால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். பிறகு மரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"மரத்துக்கு எத்தினை மாசம்?"

"மிஸ்ஸி... அது... போட்டா வயித்தைப் பிரட்டிச் சத்தி வருது மிஸ்ஸி."

"மரத்துக்கோ?"

"எனக்கு."

"அடுத்த கிளினிக்குக்கு மரத்தையும் கூட்டிக்கொண்டு வா. எடை பாக்கவேணும்."

குளிசைக்கு அடுத்தபடியாக அவருடைய வாழ்க்கையை நிறைத்திருந்தது தேத்தண்ணிமேல் இருந்த பகை. தேத்தண்ணியோடு குளிசை போட்டால் இரும்பு உடம்பில் சேராது. எங்கள் பகுதியிலோ குளிசை என்றாலே தேத்தண்ணியோடுதான். கர்ப்பிணியின் கையில் கோப்பையைக் கண்டால் மிஸ்ஸி வணக்கத்துக்கு முன்பே சொல்வார்: "கீழை வை." நான் முதல் பிள்ளைக்குக் கர்ப்பமாக இருந்தபோது, என் மாமியார் எனக்கு அன்போடு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மிஸ்ஸி வந்து சேர்ந்தார்.

"இரும்பும் தேத்தண்ணியும் மாமியும் மருமகளும் மாதிரி அம்மா. ஒரு குசினிக்கை விடக்கூடாது."

"எங்கடை வீட்டிலை அப்பிடியொண்டும் இல்லை," என்றார் மாமி, முகம் சிவக்க.

"நல்லதாப் போச்சு. அப்ப அந்தக் கோப்பையை நீங்கள் குடியுங்கோ. மருமகளுக்குத் தேசிக்காய்த் தண்ணி குடுங்கோ."

நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவள். குளிசை நேரம், தண்ணீர் அளவு, இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் அட்டவணையாக எழுதிக் குசினி அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். மிஸ்ஸி அதைப் பார்த்துவிட்டு ஊர் முழுக்க என் புகழ் பாடினார். முன்வீட்டுப் பெண் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

ஆறாம் மாதத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. குளிர், முதுகின் அடியில் நாரிப் பிடிப்பு, எழும்பி நடக்கவே கஷ்டமான களைப்பு. நான் பதற்றப்படுகிற ஆள் இல்லை. வேலையிடத்தில் என் இரத்தத்தை நானே கொடுத்துப் பரிசோதித்தேன். குருதியில் ஓடுகிற இரும்பு முந்தைய மாதத்தில் இருந்ததில் பாதியாகக் குறைந்திருந்தது. களைப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அட்டவணையைத் திருத்தி எழுதினேன்: காலை ஒரு குளிசை, மத்தியானம் ஒன்று, இரவு ஒன்று. அதற்குக் கீழே, இரும்பு ஊசி பற்றி விசாரிக்கவேண்டும் என்று ஒரு குறிப்பு.

இரண்டாம் நாள் மிஸ்ஸி வந்தார். அட்டவணையைப் பார்த்து என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் நெற்றியில் கை வைத்தார். அட்டவணையை வாசித்தார். மேசையில் இருந்த குளிசைப் பையை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்தார்.

எனக்குக் கண் தெரியவில்லையோ என்று இருந்தது. முருங்கை மரத்துக்குக்கூட விட்டுக்கொடுக்காத மனுசி, என் கையிலிருந்து குளிசையைப் பறிக்கிறார்.

"மிஸ்ஸி, இரும்பு பாதியாக் குறைஞ்சிருக்கு. றிப்போட் இருக்கு."

"அடி விசரி. இடம்பெயரேக்கை எங்கடை அம்மா தையல் மிசினையும் பித்தளைப் பானையளையும் கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டெல்லோ வெளிக்கிட்டவா. பிறகு வீட்டுக்கை பூந்த கள்ளனுக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. அதுக்காக அம்மாட்டைச் சாமான் இல்லையெண்டோ அர்த்தம்?"

நான் றிப்போட்டை எடுத்து நீட்டினேன்.

"உடம்பும் அதைத்தான் செய்யுது. கிருமிக்கும் இரும்பு வேணும், வளர. அதுதான் காய்ச்சல் வந்த உடனை உடம்பு இரும்பை ரத்தத்திலையிருந்து எடுத்து ஒளிச்சு வைக்குது. கள்ளன் வீட்டுக்கை நிக்கேக்கை, நீ மூண்டு நேரமும் பானை வாங்கி முத்தத்திலை அடுக்கிறாய்."

"இரும்பு குறைஞ்சாலும் நோய் வரும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம், இப்பவும் சொல்லுறன். அது கள்ளன் வரமுதல் வீட்டைப் பலமாக் கட்டுற கதை. இது கள்ளன் உள்ளுக்கை நிக்கிற கதை."

இதில் வெட்கப்படவேண்டிய விடயம் என்னவென்றால், இதெல்லாம் எனக்குத் தெரியும். காய்ச்சல் நேரத்தில் குருதியில் இரும்பு குறையும், அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கக்கூடாது என்று படித்துப் பரீட்சை எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். வேறொருவருடைய இரத்தமாக இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

"அது சரி, இவ்வளவும் பாத்தனீ. சலம் பாத்தனியோ?"

ஒரு நாளைக்கு நாற்பது பேருடைய சிறுநீரைப் பரிசோதிக்கிற நான், என்னுடையதைப் பார்க்கவில்லை. என் பட்டியலில் அது இல்லை.

மிஸ்ஸி மேற்கொண்டு திட்டவில்லை. பையிலிருந்து பிள்ளையின் துடிப்புக் கேட்கிற குழலை எடுத்து என் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். அவர் பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறிவிட்டது.

"துடிக்குது," என்றார் மிஸ்ஸி. "பிள்ளைக்கு நல்லாத் துடிக்குது. உனக்குத்தான் மூளை துடிக்கேல்லை. அம்மா, ஓட்டோவைக் கூப்பிடுங்கோ."

ஓட்டோவுக்கு முன்னால், ஹோனை விடாமல் அடித்துக்கொண்டு, ஸ்கூட்டியில் போனார். வழியில் நின்ற மாடுகள்கூட அவரை அறிந்தவை போல விலகின.

சிறுநீரில் தொடங்கிய தொற்று சிறுநீரகம்வரை போயிருந்தது. இன்னும் இரண்டு நாள் வீட்டில் இருந்திருந்தால் உங்களுக்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகியிருக்கும் என்றார் வைத்தியர். சேலைன் ஏற்றி, அதனோடு மருந்தும் ஏற்றினார்கள். இரும்பு பற்றிக் கேட்டேன். "காய்ச்சல் விடட்டும், பிறகு பாப்பம். இந்த நேரத்திலை ஊசிப் பக்கமே போகாதேங்கோ," என்றார். மிஸ்ஸி கட்டிலின் கால்மாட்டில் நின்று, அதைத் தானே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது போலத் தலையாட்டினார்.

காய்ச்சல் விட்டது. வீட்டுக்கு வந்த சில நாட்களில், வைத்தியர் மறுபடி தொடங்கச் சொன்ன குளிசைகளோடு மிஸ்ஸியும் வந்தார். கைப்பையின் சிப்பைத் திறந்து, நான் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கிழமை எங்கள் வயலில் நெல்லு அருவி வெட்டு. கணவரோடு பத்துப் பன்னிரண்டு பேர் முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீதியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"பிள்ளை! கறுப்போ?"

நான் வெளியே வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஓம் மிஸ்ஸி!" என்றேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோசமாக எதற்கும் பதில் சொன்னதில்லை.

மகளுக்கு இப்போது மூன்று வயது. மிஸ்ஸி வவுனியாப் பக்கம் இடமாற்றமாகிப் போய், பூவரசங்குளத்துக் கர்ப்பிணிகளை மிரட்டிக்கொண்டிருக்கிறார். போன கிழமை ஒரு காலையில் குசினியில் நின்றபடி அவருக்கு அழைப்பு எடுத்தேன். இரண்டாவது பிள்ளை என்ற செய்தியைக் கணவருக்குச் சொல்லமுதல் அவருக்குத்தான் சொன்னேன். வாழ்த்துச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"கையிலை தேத்தண்ணிக் கோப்பை இருக்கெல்லோ?" என்றார். "கீழை வை."

வைத்தேன்.