பாப்பாவுக்கு ஒரு ரிம்ஃபயர்

பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டில் வேலை பார்ப்பவனிடம் எதையும் ஃபோனில் கேட்கக் கூடாது. சுற்றிலும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். எதிரே நிற்பவன் பேசினாலே வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஃபோனில் யார் என்ன சொன்னாலும் 'ஆமாங்க', 'சரிங்க', 'பாத்துக்கலாமுங்க' என்று எதையாவது சொல்லி வைப்போம். (சம்பளத்தைக் குறைக்கிறோம் என்றாலும் 'சரிங்க'தான்.) இந்தப் பழக்கம்தான் ஒருநாள் என் கையில் குண்டு போட்ட பிஸ்டலைக் கொண்டுவந்து கொடுத்தது.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்குத் தெருவே வெடித்துக்கொண்டிருக்கும்போது நான் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குளிப்பதுபோலத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருப்பேன். மீசை முளைத்த பிறகும் அதே கதைதான்.

அப்போது நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் துணியின் தரம் பார்க்கும் வேலை எனக்கு. நர்மதாவைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்கு அவளை ரொம்பவே பிடித்துப்போயிற்று. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பா அவிநாசிபாளையத்தில் கார்மென்ட்ஸ் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் சரி சொல்லியாயிற்று, அவர்கள் பக்கமிருந்து மட்டும் பதில் வரவில்லை. பெண் ஸ்போர்ட்ஸில் இருக்கிறாள் என்றார்கள். கைப்பந்தாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். (கேட்டிருக்கலாம். வாய் நிறைய கேசரி இருந்தது.)

இப்படிக் காத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ஷெட்டில் நிற்கும்போது அவரே கூப்பிட்டார்.

"மாப்பிள்ளைங்களா? பாப்பாவுக்கு நல்ல குவாலிட்டியா ரிம்ஃபயர் ஒண்ணு எடுக்கோணுமுங்க. டார்கெட்டுக்கு. குவாலிட்டி பாக்கறவரு நீங்க, ஞாயித்துக்கெழம வந்து பாத்துச் சொல்றீங்களா?"

என் காதில் விழுந்தது பாப்பா, ரிப், குவாலிட்டி, டார்கெட். ரிப் என்பது பனியனின் கழுத்துக்கு வைத்துத் தைக்கும், இழுத்தால் விரிகிற துணி. டார்கெட் என்றால் ஒரு நாளைக்கு இத்தனை பீஸ் தைத்தாக வேண்டும் என்று கம்பெனியில் வைக்கிற கணக்கு. ஆகவே மனுசன் குழந்தைத் துணிக்கு ஆர்டர் பிடித்துவிட்டார், துணி எடுக்க என்னைக் கூப்பிடுகிறார் என்று முடிவு கட்டினேன். (எங்கள் பக்கம் கல்யாண வயதில் இருக்கிற மகளையும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தத்தில் அது எங்கே ஞாபகம் வருகிறது?)

"இதென்னங்க பிரமாதம்?" என்றேன் தெம்பாக. "கண்ணைக் கட்டி உட்டாலும் தொட்டுப் பாத்தே சொல்லீருவேனுங்க. தெனமும் அதோடதானுங்களே கெடக்கறேன்."

"தெனமுங்களா?"

"டன் கணக்குல பாக்கறேனுங்க."

"பாப்பா கேட்டா ரொம்ப சந்தோசப்படுமுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் காரை ஓட்ட, நர்மதா முன் சீட்டில், நான் பின் சீட்டில். வண்டி தாராபுரம் ரோட்டில் போய், ஒரு கிளை ரோட்டில் திரும்பி, ஒரு மண்மேட்டுக்கு முன்னால் நின்றது. அங்கே சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். டயர் போய்விட்டது என்று நான் இறங்கிக் குனிந்து பார்த்தேன். மறுபடியும் 'டப்'. நான்கு டயரும் நன்றாகத்தான் இருந்தன.

அது துப்பாக்கி சுடும் கிளப். கோச், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர், இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய ஆளுன்னு சொன்னாவ சார். மூணு பிஸ்டல் எடுத்து வச்சிருக்கேன். பாப்பாவுக்கு லைசென்ஸ் வந்துட்டு. எது தோதுன்னு நீங்கதான் சொல்லணும்."

மேசையில் மூன்றும் படுத்திருந்தன. அவர் நர்மதாவின் அப்பாவுக்கு விளக்கினார். "பாயிண்ட் டூ டூ. தோட்டாவோட அடி விளிம்புல தட்டுனா வெடிக்கும். அதான் ரிம்ஃபயர்."

ரிம். ரிப் இல்லை. அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நர்மதா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் பார்த்த அன்று அப்பளத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தவள், இப்போது மரியாதையோடு பார்த்தாள். அதை எப்படி விட மனசு வரும்?

காலி பிஸ்டல்தான் என்று கோச் திறந்து காட்டிக் கொடுத்தார். என் கைக்கு வேறு எதுவும் தெரியாது. துணியைப் பார்ப்பதுபோலவே பார்த்தது. கட்டை விரலால் தேய்த்தேன். சாய வாடை வருகிறதா என்று மோந்தேன். பனியனின் உள்தையலைப் பார்ப்பதுபோலத் திருப்பி, குழாய்க்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். "துவைச்சா சுருங்குமுங்களா?" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது, முழுங்கிக்கொண்டேன்.

"பேரலுக்குள்ளயே பாக்காவ" என்றார் கோச், குரலைத் தாழ்த்தி. நர்மதா மட்டும் புருவத்தைச் சுருக்கினாள்.

"ஃபினிஷிங் சுத்தமா இருக்குதுங்க" என்று நடுவில் இருந்ததைக் காட்டினேன். இத்தோடு தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"ஒரு ரவுண்டு சுட்டுப் பாத்துருங்க சார். லோடு பண்ணட்டா?"

"சரிங்க" என்றேன். (பழக்க தோஷம்.)

காதுக்குப் பெரிய மூடி ஒன்றை மாட்டிவிட்டார்கள். உலகமே அடங்கிப்போய் என் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது. தூரத்தில் ஒரு வெள்ளை அட்டையில் கறுப்பு வட்டம். பிஸ்டலை நீட்டினேன். அதன் முனை வட்டத்தில் நிற்காமல் அட்டை முழுக்க அலைந்தது, பல் தந்தியடித்தது. வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததே இல்லை. பின்னால் கோச் ஏதோ சொல்கிறார் என்று தோன்றியது. 'விரலை எடுங்க' என்று கத்தினாராம். எனக்கு அது கேட்கவில்லை. பெரியவர் பேசும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது எங்கள் ஊர் மரியாதை இல்லை. பிஸ்டலோடு அப்படியே முழுசாகத் திரும்பி, "என்னங்க சார்?" என்றேன்.

கோச் மேசைக்கு அடியில் போனார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்திருந்த நர்மதாவின் அப்பா செம்மண்ணில் குப்புற விழுந்தார். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன், விரல் ட்ரிகரில். விரலை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். கல்யாணம் போகட்டும், இந்த மனுசனுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போது பக்கவாட்டிலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. மெதுவாக, மண்மேட்டைப் பார்த்து என்னைத் திருப்பியது. இன்னொரு கை காது மூடியைத் தூக்கியது.

"விரலை மட்டும் வெளிய எடுங்க. அவசரமில்லீங்க" என்றாள் நர்மதா.

எடுத்தேன். அவள் பிஸ்டலை வாங்கி, தோட்டாவை வெளியே எடுத்து மேசையில் வைத்தாள். "நெசத்தச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி தொட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க. ஃபோன்ல ரிப்புன்னு கேட்டுச்சுங்க. பனியன் கழுத்துக்கு வெப்பமே, அந்த ரிப்பு. கொழந்தத் துணி ஆர்டருன்னு நெனச்சு வந்தேனுங்க. எனக்கு ஊசிவெடின்னாலே பயமுங்க."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோச் மேசைக்கு அடியிலேயே சிரித்தார். அவளுடைய அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, வேட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். செம்மண் போகவில்லை.

"ரிப்புங்களா?" என்றார் என்னைப் பார்த்து. பிறகு மகளிடம் திரும்பி, "கண்ணு, வண்டில ஏறு. இது ஒத்து வராது" என்றார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கிளப் ஷெட்டின் தூணில் சாய்ந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

நர்மதா நகரவில்லை. நான் பிடித்திருந்த பிஸ்டலைக் கையில் எடுத்து எடை பார்த்தாள்.

"அப்பா, இவ்வளவு நடுக்கத்துலயும் விரல் பட்டு இது வெடிக்கலை பாருங்க. ட்ரிகர்னா இப்புடித்தான் இருக்கோணும். நான் இதையே எடுத்துக்கறேன்."

"பிஸ்டலை எடுத்துக்க கண்ணு, வேண்டாங்கலையே. நாஞ் சொன்னது மாப்பிள்ளைய."

"அவரையுந்தானுங்கப்பா" என்றாள்.

அவர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அப்புறம் போய்க் காரில் உட்கார்ந்து ஹாரனை அடித்தார். நான் துள்ளி விழுந்தேன்.

இப்போது அந்தப் பிஸ்டல் எங்கள் வீட்டு பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. நர்மதா அதை வெளியே எடுத்து எண்ணெய் போடும்போது நான் கடைக்குப் போய்விடுவேன், வாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும். மாமனார் கோபம் தணிந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டார்.

"பாப்பா ஒரே நாள்ல ரெண்டு எடுத்துச்சுங்க. பிஸ்டலுக்காச்சும் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா லைசென்ஸ் புதுப்பிக்கோணும், வேண்டாம்னா திருப்பிக் குடுத்துரலாம். இவர எங்கீங்க போய்க் குடுக்கறது?"