கண்டிஷன்காரருக்கு ஓர் ‘அல்லது’

ஓசூர் தொழிற்பேட்டையின் அத்தனை கேட்டுகளிலும் நின்று தேடினாலும், ‘மற்றும்’, ‘அல்லது’ என்ற இரண்டு சொற்களை வைத்தே உலகத்தை நடத்திவிடலாம் என்று நம்பிய இன்னொரு மனிதர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். எங்கள் பிரேக் பாகத் தொழிற்சாலையில் அவருக்குக் கண்டிஷன்காரர் என்று பெயர். சொந்தப் பெயர் கேட் பாஸில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

யாரைக் கம்பெனி பஸ் ஏற்றும், யாருக்குக் கேன்டீன் கதவு திறக்கும், யாருக்குப் பிறந்தநாள் வாழ்த்து போகும் என்பதையெல்லாம் எங்கள் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். அதற்கான நிபந்தனைகளை எழுதுவது அவர் வேலை. நான் ஹெச்.ஆர். பிரிவில் கிளார்க், பக்கத்து மேஜை.

"ஒரு கண்டிஷன ஒரே தடவதான் எழுதணும் மேடம். பேரு வெச்சு சேத்து வெச்சுக்கணும். வேணுங்கற எடத்துல எல்லாம் கூப்ட்டுக்கலாம்" என்பார். அப்படி அவர் பெயர் வைத்ததில் பெரியது ‘நம்ம ஆளுங்க’. பஸ், கேன்டீன், வாழ்த்து எல்லாமே அந்த ஒன்றைத்தான் கூப்பிடும்.

டீக்கடையிலும் இதே கூத்துதான். ‘வழக்கம்’ என்றால் ஸ்ட்ராங், மற்றும் சர்க்கரை கம்மி, மற்றும் ஆடை கூடாது என்று மாஸ்டருக்கு முதல் நாளே பாடம் நடத்திவிட்டார்.

"மாஸ்டர், வழக்கம். மற்றும், மழ பேஞ்சா ஒரு வடை."

"வடை வேணுமா வேணாமா, அத சொல்லுங்க சார்."

"வானத்த பாத்துட்டு நீங்களே போடுங்க."

மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார். பின்னால் நிற்கும் பத்துப் பேரும் பார்ப்போம்.

கல்யாணத்துக்கும் கண்டிஷன்தான். பெண் படித்திருக்க வேண்டும், மற்றும் கன்னடம் தெரிய வேண்டும், மற்றும் அதிகம் பேசக் கூடாது, மற்றும் இவரிடம் மட்டும் நிறையப் பேச வேண்டும். தேன்கனிக்கோட்டைத் தரகர் மூன்று வாரம் அலைந்துவிட்டு, "ரிசல்ட் சீரோங்க" என்று இவர் பாஷையிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

"எங்கனா ஒரு எடத்துல ‘அல்லது’ போட்டுப் பாருங்க சார்" என்றேன்.

"போட்டேன் மேடம். லிஸ்டு பெருசா வருது. பயமா இருக்குது."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

மதியம் டிபன் பாக்ஸோடு பைக் ஷெட்டுக்குப் போய்த் தனியாகச் சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கிருஷ்ணகிரி பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதிலும் ஏறமாட்டார். திமிர் பிடித்த மனுஷன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு மாம்பழ சீசனில் கம்பெனி ஆளுக்கொரு பெட்டி பழம் கொடுத்தது. அந்த லிஸ்டும் ‘நம்ம ஆளுங்க’ளைத்தான் கூப்பிட்டது. "கான்ட்ராக்ட் ஆளுங்களுக்குக் கெடையாது, லிஸ்ட மாத்தும்மா" என்றார் மேனேஜர். கண்டிஷன்காரர் அன்று லீவு. பெரிய கெட்டிக்காரியாட்டம் நானே ‘நம்ம ஆளுங்க’ளைத் திறந்து, கடைசியில் ‘மற்றும் நிரந்தரப் பணியாளர்’ என்று சேர்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை கெலமங்கலம் பஸ்ஸில் கான்ட்ராக்ட் ஆட்களின் கார்டு ஒன்றுகூட வேலை செய்யவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தவர்களுக்கு மதியம் கேன்டீன் கதவும் திறக்கவில்லை. பசியில் அவர்கள் போட்ட சத்தத்துக்கு மேனேஜரே இறங்கி வந்தார்.

"எவன்யா இதத் தொட்டது?"

நான் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"நான்தான் சார்" என்றார் கண்டிஷன்காரர்.

அவரை எங்களிடம் அனுப்பியிருந்த பெங்களூர் சாப்ட்வேர் கம்பெனி, வாரக் கடைசியில் திரும்ப அழைத்துக்கொண்டது. நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கடைசி நாள் என் மேஜைக்கு வந்தார். "காப்பி எடுத்து, அதுல ‘மற்றும்’ சேத்து, வேற பேரு வெச்சிருக்கணும் மேடம். பொதுக் கண்டிஷன தொடவே கூடாது." குரலில் கோபமே இல்லை.

அவர் சரிசெய்திருந்த ‘நம்ம ஆளுங்க’ பட்டியலை ஓட்டிப் பார்த்தேன். வாட்ச்மேன் இருந்தார், தோட்டக்காரர் இருந்தார்.

"சார், உங்க பேரக் காணோமே?"

"நான் உங்க கம்பெனி ஆளு இல்லீங்களே. கண்டிஷன் சரியாத்தான் இருக்குது."

ஏழு வருஷம். கேன்டீன் கதவு அவருக்கு ஒரு நாளும் திறந்ததில்லை. பைக் ஷெட்டுக்கு அவர் ஆசைப்பட்டுப் போகவில்லை.

"எழுதினதே நீங்கதானே? உங்களுக்கு ஒரு ‘அல்லது’ போட்டுக்கிட்டா என்ன?"

"எனக்கு நானே போட்டுக்கறதா மேடம்?" என்று சொல்லிக்கொண்டே டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தார்.

அவர் போன பிறகு கேட் பாஸ் பதிவைத் தேடியெடுத்து, அவர் பெயரையும் பிறந்த தேதியையும் முதன்முறையாகப் படித்தேன். ‘நம்ம ஆளுங்க’ளின் கடைசியில் ஓர் ‘அல்லது’ போட்டு அந்தப் பெயரைச் சேர்த்தேன்.

தை மாதத்தில் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து தானாகவே போனது. கொஞ்ச நேரத்தில் என் போனுக்குப் பதில் வந்தது: "மேடம், பொதுக் கண்டிஷன தொட்டிருக்கீங்க. தப்பு." சாயங்காலம் இன்னொன்று வந்தது: "இங்க மழ இல்ல. ஆனாலும் ஒரு வடை சாப்ட்டேன்."

அந்தத் தப்பை நான் இன்றுவரை திருத்தவில்லை.