மேல் அறைப் பெண்ணின் கண்ணூறு

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத வந்ததே அதிகப்பிரசங்கித்தனம்; பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரும் சொல்லிச் சிரிக்கும் கதையை, சிரிப்புக்கு ஆளான நானே ஒருமுறை சொல்லிவிடலாம் என்றுதான்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்துக்கு வெளியே, காரின் என்ற வயதான அம்மாவின் வீட்டு மேல் அறையில் குடியிருந்தோம். மகள் கைக்குழந்தை. தொட்டிலுக்கு மேலே சுவரில் முட்டையளவு படம் ஒன்று தொங்கியது. முந்நூறு வருடப் பழசாம். கறுப்பு உடுப்பு, முத்துமாலை, வெளிறிய பெண் முகம். யாரென்று யாருக்கும் தெரியாதாம். நான் எங்கே நகர்ந்தாலும் அந்தக் கண்கள் கூடவே வந்தன. (உடுப்பு மாற்றும்போது கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். படத்துக்குக்கூடக் கூச்சப்பட்டவள் நான்.)

பிள்ளை அந்தப் படத்துப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கும். ஒருநாள் சிரிப்பு நின்றது. பால் குடிப்பதும் நின்றது. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். வாடிப்போய்க் கிடந்த பிள்ளை, கண்ணை மட்டும் அவளிடமிருந்து எடுக்கவில்லை.

"இவளின்ர கண்தானப்பா," என்றேன் கணவரிடம்.

"படத்துக்கு என்ன கண்ணூறு? விசர்க்கதை கதைக்காதை."

சொன்னாரே தவிர, சுற்றிப்போடக் காய்ந்த செத்தல் மிளகாயை எடுத்துத் தந்தது அவர்தான்.

ஞாயிறு பிற்பகல் மிளகாயையும் உப்பையும் பிள்ளையின் தலையைச் சுற்றி, மூலையிலிருந்த இரும்பு அடுப்புக்குள் போட்டேன். கண்ணூறு இருந்தால் நெடி அடிக்காது என்பார்கள். அடிக்கவில்லை. ஒரு கைப்பிடி போட்டேன். மிளகாய் கருகுவது தெரிந்தது. ஒரு தும்மல்கூட வரவில்லை. பயத்தில் மிளகாய்ப் பையையே கவிழ்த்தேன்.

அப்போது கீழே இருமல் கேட்டது. யன்னலால் எட்டிப் பார்த்தால், காரினும் கோப்பி குடிக்க வந்த அவருடைய சிநேகிதிகளும் கோட்டு இல்லாமல் பனிக்குள் நின்று கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார்கள். (எங்கள் அறைக்கும் கீழ் அறைக்கும் புகைபோக்கி ஒன்றுதான், நெடி முழுக்கக் கீழே இறங்கிவிட்டது என்று கணவர் இன்றும் விளக்கம் சொல்வார்.)

காரின் மேலே வந்தார். துரத்தப்போகிறார் என்று நான் பெட்டியை இழுத்து வைத்தேன். கணவர் அரைகுறை டேனிஷில் நடந்ததைச் சொன்னார். காரின் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தபடி மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று கணவரைக் கேட்டேன்.

"அவவின்ர தங்கச்சியும் இந்த அறையிலதான் பால் குடியாமல் கிடந்ததாம்."

"பிறகு?"

"நான் கேக்கேல்லை."

காரின் படத்தைக் கழற்றி, முகம் தெரியாமல் கவிழ்த்துப் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.

மறுநாள் திங்கட்கிழமை. கணவர் வேலைக்குப் போனார். பிள்ளை பால் குடித்தது. நான் அடுப்புச் சாம்பலை அள்ளினேன்.