முதுகால் வைத்தியம் பார்த்த தொட்டி டாக்டர்

அடையாற்றிலிருந்து மயிலாப்பூர் வரை இருந்த வெள்ளைக்காரக் குளியல் தொட்டிகள் எல்லாவற்றிலும் படுத்துப் பார்த்த ஒரே மனிதர் தொட்டி டாக்டர்தான். ஒன்றில்கூட அவர் குளித்ததில்லை. குளியல் தெருக்குழாயில்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆறு வருஷம் கூட வேலை செய்தேன். கேட்கவில்லை. அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. அவருக்கு எல்லாரும் நைனாதான். துரையும் நைனா, கட்டைவண்டி மாடும் நைனா.

தொழில் இதுதான். இரும்பில் வார்த்த தொட்டிக்கு மேலே வெள்ளை எனாமல் பூசியிருக்கும். வருஷம் போகப் போக அது தேய்ந்து, பொரிந்து, துரு எட்டிப் பார்க்கும். உட்கார்ந்தால் தோலைச் சீவும். அதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பட்டி பார்த்து, எனாமல் பெயிண்டை ஐந்து கோட்டு அடித்துப் புதிசாக்குவார். தொட்டியைக் கழற்றுவதும் மாட்டுவதும் என் வேலை. நான் குழாய்க்காரன். நடுவில் உள்ளது அவர் வேலை. நடுவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

முதலில் தொட்டியை விரல் முட்டியால் தட்டுவார். காதை இரும்பில் வைத்துக் கேட்பார். பிறகு சட்டை வேட்டியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கோவணத்தோடு உள்ளே இறங்கி மல்லாந்து படுப்பார். கண்ணை மூடிக்கொள்வார். அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்வார். எங்கே சொரசொரப்பு, எங்கே பள்ளம் என்று முதுகு சொல்லும்.

"கையால தடவிப் பாத்தா போதாதா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கை காச்சிப் போச்சு நைனா. முதுவு இன்னும் கொயந்தை."

அடையாற்றில் ஒரு துரை வீடு. துரை அன்றைக்கு ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். குளியலறைக் கதவைத் திறந்தார். உள்ளே கோவணத்தோடு ஒரு ஆள் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். துரை போட்ட சத்தம் ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். டாக்டர் கண்ணைத் திறக்கவில்லை. உதட்டில் விரலை வைத்து, "சைலன்ஸ்" என்றார். துரை கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தார். தன் வீட்டில் தானே காத்திருந்தார். பட்லர் டீ கொண்டுபோய்க் கொடுத்தான்.

தூசிதான் அவருக்குச் சத்துரு. பெயிண்டு ஈரமாக இருக்கும்போது ஒரு துளி தூசி விழக் கூடாது. வாசல், ஜன்னல் எல்லாம் நனைத்த போர்வை தொங்கும். வீட்டில் யாரும் பெருக்கக் கூடாது. பாய் உதறக் கூடாது. தியாகராய நகரில் ஒரு கண்டிராக்டர் வீட்டில் மிளகாய் வறுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். நெடி வந்தால் தும்முவார்கள், தும்மினால் காற்று அடிக்கும் என்று கணக்கு. நாலு நாள் அந்த வீட்டில் தாளிப்பே இல்லை. கண்டிராக்டர் சண்டைக்கு வந்தார்.

"ஏன்யா, என் வீட்டுல நான் சாம்பார் சாப்பிடக் கூடாதா?"

"சாப்டு நைனா. தும்மாம சாப்டு."

அதே கண்டிராக்டர்தான் கடைசிக் கோட்டு அடித்த மறுநாள், காய்ந்ததா பார்ப்போம் என்று போர்வைக்குள் கையை விட்டுக் கட்டை விரலால் அழுத்தினார். ரேகை அப்படியே பதிந்தது. டாக்டர் பார்த்தார்.  சுரண்டியை எடுத்தார்.

"சின்ன ரேகைதானேய்யா. என் விரல்தானே. இருக்கட்டும் விடு."

"ஒனக்கு இருக்கட்டும். எனக்கு வாணாம்."

ஐந்து கோட்டையும் இரும்பு தெரியச் சுரண்டி முதலிலிருந்து ஆரம்பித்தார். இன்னும் ஒரு மாதம் கண்டிராக்டர் வாளியில் குளித்தார். 'கறையோட ஒரு தொட்டிய வுட்டதில்ல' என்று எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். மற்றவர்கள் வணக்கம் சொல்வார்களே, அது மாதிரி.

உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். வீட்டுக்கு வீடு ஏலம். நாற்காலி, பியானோ, நாய் எல்லாம் போயிற்று. லஸ் பக்கத்தில் இருந்த ஒரு வக்கீல் அடையாறு ஏலத்தில் பழைய தொட்டி ஒன்றை எடுத்தார். ஆசைக்கு எடுக்கவில்லை. அவர் சம்சாரத்துக்கு இரண்டு முழங்காலும் பூட்டிக்கொண்டிருந்தது. அந்த மாமியால் நிற்க முடியும், சுவரைப் பிடித்து நடக்க முடியும். கீழே உட்கார முடியாது. தை மாதம் ஒரே பெண்ணுக்குக் கல்யாணம். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தாயும் தகப்பனும் மணையில் உட்கார வேண்டும். மாமியால் முடியாவிட்டால் வக்கீலின் தம்பியும் அவர் சம்சாரமும் உட்கார்ந்து கொடுப்பது என்று சொந்தக்காரர்கள் பேசி வைத்துவிட்டார்கள். மாமி அடுக்களையில் நின்றபடியே அழுததாகச் சமையற்காரர் சொன்னார்.

குடும்ப டாக்டர் ஒரு வழி சொன்னார். தினம் அரை மணி இடுப்பளவு வெந்நீரில் காலை நீட்டி உட்கார வேண்டும். இரண்டு வாரமாவது உட்கார்ந்தால் முழங்கால் மடங்கும். அதற்குத்தான் தொட்டி.

தொட்டியைக் கட்டைவண்டியில் ஏற்றினோம். வண்டி குலுங்கினால் இரும்பில் கீறல் விழும் என்று தொட்டி டாக்டர் அதற்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். வெயிலுக்குக் குடை பிடித்தார். மந்தைவெளியில் ஒரு அம்மாள் ஏதோ சாமி வருகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டாக்டர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினார்.

கல்யாணத்துக்கு அப்போது ஐம்பது நாள் இருந்தது. சுரண்டிப் பட்டி பார்க்க நாலு நாள். ஒரு கோட்டுக்கு நாலு நாளாக ஐந்து கோட்டுக்கு இருபது. பிறகு இறுகுவதற்குப் பத்து நாள், யாரும் தொடக் கூடாது. மாமிக்கு மிச்சம் பதினாறு நாள். அவ்வளவுதான்.

குடும்ப டாக்டர் நடுவில் வந்து குதித்தார். "இன்னும் எத்தனை நாள்யா? என் பேஷண்ட்டு காத்துண்டிருக்கா."

"என் பேஷண்ட்டு இன்னும் எழுந்துக்கல" என்றார் தொட்டி டாக்டர்.

மாமி மட்டும் தினம் காலையில் சுவரைப் பிடித்து வந்து போர்வைக்கு வெளியே நின்று விசாரிப்பார்.

"ஏம்ப்பா, ஆத்துல மூச்சாவது விடலாமோ?"

"வுடலாம்மா. அந்தாண்ட திரும்பி வுடு."

மாமி சிரிப்பார். அந்த வீட்டில் அப்போது சிரித்தது அவர் ஒருவர்தான்.

ஐந்தாவது கோட்டும் முடிந்தது. இறுகட்டும் என்று விட்டுவிட்டுப் போனோம். பத்து நாள் கழித்துக் காலையில் போய், நான் குழாயை மாட்டினேன். டாக்டர் போர்வையை நீக்கினார். நின்றுவிட்டார்.

தலை சாய்க்கும் பக்கம், வெள்ளை வெளேர் என்ற எனாமலில் மூன்று மஞ்சள் பொட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம்.

மாமி கதவோரம் நின்றிருந்தார். "நான்தான் வெச்சேன். வெள்ளிக்கிழமையாச்சேன்னு. ஆத்துக்குப் புதுசா எது வந்தாலும் வெப்போம். பாய்லருக்கு வெச்சேன், தையல் மிஷினுக்கு வெச்சேன். தொடச்சா போயிடும்னு நெனச்சுண்டேன்."

வெள்ளிக்கிழமை ஏழாவது நாள். எனாமல் அப்போது முழுசாக இறுகவில்லை. மஞ்சளைக் குடித்துவிட்டது. டாக்டர் துணியில் டர்பன்டைன் தொட்டு ஒரு தடவை துடைத்தார். குங்குமம் கொஞ்சம் போயிற்று. மஞ்சள் அசையவில்லை. இன்னும் தேய்த்தால் பெயிண்டு கையோடு வந்துவிடும். துணியை மடித்துக் கீழே வைத்தார்.

வக்கீல் வந்து பார்த்தார். "என்ன, போகாதா?"

டாக்டர் என் பையிலிருந்த சுரண்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்குக் கண்டிராக்டர் வீடு ஞாபகம் வந்தது.

"கல்யாணம் என்னிக்கும்மா?"

"பதினாறு நாள் இருக்கு" என்றார் மாமி. குரல் இறங்கிவிட்டது. "சுரண்டித்தான் ஆகணும்னா சுரண்டுப்பா. நான் பண்ணின தப்புதானே. மச்சினரும் ஓர்ப்படியுமே மணையில உக்காந்துக்கட்டும்."

டாக்டர் விரல் விட்டு எண்ணினார். எண்ண என்ன இருக்கிறது? எத்தனை தடவை எண்ணினாலும் முப்பத்து நாலு நாள்தான். பதினாறில் அடங்காது.

சட்டையைக் கழற்றினார். வேட்டியை அவிழ்த்தார். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொட்டியில் இறங்கிப் படுத்தார். அந்த மூன்று பொட்டின் மேல் தோளை வைத்து ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று வக்கீல் எட்டிப் பார்த்தார்.

எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டார்.

"வயவயன்னு கீதும்மா. குத்தாது."

"கறை?" என்றார் மாமி.

"கறை இன்னா கறை. வெள்ளக்காரி நம்ம வூட்டுக்கு வாய வந்துகீறா. பொட்டு வெக்காம உள்ள இட்டுக்குவாங்களா?"

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீரும் வந்தது.

"இன்னா பாத்துகினு நிக்கிற நைனா? தண்ணியத் தொற" என்று என் மேல் எரிந்து விழுந்தார்.

திறந்தேன்.

தெருமுனைக்கு வந்தோம். அங்கே நின்றார்.

"வெளியில சொல்லிடாத நைனா. கறையோட வுட்டான்னு பேராயிடும்."

"பொட்டுன்னியே?"

"அது அந்த அம்மாவுக்கு."

கல்யாணத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். போனோம். மணையில் உட்கார மாமிக்கு நேரம் பிடித்தது. பாதி இறங்கி அப்படியே நின்றார். வக்கீல் கையைக் கொடுத்தார். வாங்கிக்கொள்ளவில்லை. மெதுவாக மடங்கி உட்கார்ந்தார். தாரை வார்த்தார். பந்தலில் எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள். பின்னால் தூணோரம் நின்ற டாக்டர் மாமியின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது, பாயசத்தில் இனிப்பு குறைச்சல் என்றார். 

அந்தப் பொட்டு விஷயத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்குப் பத்திரிகையிலேயே எழுதிவிட்டேன். தெரிந்தால் சுரண்டியை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவார். வருவதற்கு அவர் இல்லை. வந்தால் தேவலை.