செவ்வாய் இரண்டரை மணிக்கு வரும் துரை

ஈப்போவில் அந்தத் தொழிற்கல்லூரி வாசலில் அப்படி ஒரு கூட்டம்! படிக்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பேய் பார்க்க வந்த கூட்டம். காம்பாரிலிருந்து ஒரு பஸ், தாப்பாவிலிருந்து இரண்டு பஸ். கடலை விற்கும் கச்சாங் பூத்தே வண்டிக்காரர்கூட வந்து கடை விரித்துவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் வருடம் அது. மனிதன் நிலாவில் இறங்கிப் பத்து வருடம் ஆகிவிட்டது. நம் ஆட்கள் எலுமிச்சம் பழத்தை விட்டு இன்னும் இறங்கவில்லை.

கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார் பிச்சைமுத்து. கல்லூரியின் ரப்பர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பிழைப்புக்காக டவுனுக்கு வந்தவர். அவருடைய மகள் செல்லாயி அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தாள். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அவள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போது மனுஷனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். அந்தச் செல்லாயியைத்தான் பேய் பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ரப்பர்த் துண்டுகளை ஆசிட்டில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். ஆறு வாரமாக, இரண்டரை மணி ஆனால் போதும், கண் எரியும், இருமல் பிடுங்கும், தலை சுற்றும். முன் மேசையில் நிற்கும் செல்லாயிதான் முதலில் விழுவாள்.

உடனே என்ன செய்தார்கள்? டாக்டரைக் கூப்பிட்டார்களா? ஐயையோ, அவ்வளவு அவசரப்படலாமா! பத்துமலைச் சாமியாரைக் கூப்பிட்டார்கள்.

சாமியார் வந்தார். மூக்கைச் சுருக்கி ஒரே ஒரு தடவை மோந்து பார்த்தார். கண்ணை உருட்டினார்.

"துரை நிக்கிறான்! ஜப்பான்காரன் காலத்துல ஈயக்குட்டையில விழுந்து செத்த வெள்ளைக்காரத் துரை!"

சாமியார் வாய் வழியாகத் துரை நல்ல தமிழ் பேசினான். கறுப்புக் கோழியும் சம்சுச் சாராயமும் கேட்டான். லண்டனில் பிறந்தவனுக்கு சம்சு ருசி எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வாராவாரம் மூன்று மணிக்குச் சாமியார் வருவார். "துரை வெளிய போகணும், ஜன்னலை எல்லாம் தொற!" என்பார். உடுக்கை அடிப்பார். வேப்பிலையை விசிறுவார். பத்து நிமிடத்தில் விழுந்தவர்கள் எழுந்து உட்கார்வார்கள். அற்புதம்! பிறகு துரை திரும்பி வராமல் இருக்க ஜன்னல்களைச் சாத்தி, மஞ்சள் கயிற்றால் கட்டுவார். கல்லூரித் தலைவர் கார்த்திகேசுவும் தலையாட்டுவார். ஜன்னல் திறந்திருந்தால் அவருடைய புது ஏர்கான் குளிர் வெளியே போய்விடுமே! விரிவுரையாளர் இராமசாமியோ தாயத்துக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றபடியே பாடம் நடத்தினார். ரொம்பப் படித்தவர்.

ஆறாவது வாரம் சாமியார் குண்டு போட்டார்.

"பிச்சைமுத்து, துரைக்கு உன் மக மேல ஆசை வந்துருச்சு. படிப்பை நிப்பாட்டி வீட்டுல உட்கார வை. இல்லாட்டி தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான், பாத்துக்க."

பிச்சைமுத்து அன்றைக்கே மகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்துகிறேன் என்று கடிதம் எழுதி, கையெழுத்தும் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அப்பா, வேணாம்ப்பா. இன்னும் ஒரு வருஷம்தான்பா," என்று செல்லாயி கெஞ்சினாள்.

"உயிரு இருந்தா படிப்பு, செல்லாயி. துரைகிட்ட நாம சண்டை போட முடியுமா?"

பக்கத்தில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்த வீரம்மா துடைப்பத்தை நிறுத்தினாள். கல்லூரியில் துப்புரவு வேலை பார்ப்பவள். வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. துரைக்கு மத்த நாள் எல்லாம் லீவாலா? செவ்வாக்கிழமை ரெண்டரை மணிக்கு மட்டும் பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வர்ற மாதிரி வாரானே, எப்படி?"

"வாயை மூடு வீரம்மா. சாமி காதுல விழப்போகுது."

"விழட்டும்லா. பேய் போனதுக்கு அப்புறம் ஜன்னலை ஏன் கட்டுறாரு? வந்தா போறதுக்கு வழி வேணாமா?"

பிச்சைமுத்துவுக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த செவ்வாய்தான் இந்தத் திருவிழாக் கூட்டம். துரையை நிரந்தரமாக நாடு கடத்தப் போவதாகச் சாமியார் அறிவித்திருந்தார். தகடு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களைத் துரை கிட்டேகூட நெருங்க மாட்டானாம். சுடச்சுட விற்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீரம்மா முன்னால் வந்தாள்.

"சாமி, எப்பவும் எல்லாரும் விழுந்த பின்னாடிதானே வாரீங்க? இன்னைக்கு ரெண்டு மணிக்கே உள்ள போயி உட்காருங்க. பிள்ளைங்க ஆசிட்டைக் கொதிக்க வெச்சிட்டு வெளிய வந்துரட்டும். ஜன்னல் நீங்க கட்டினபடியே இருக்கட்டும். துரை வந்ததும் கழுத்தைப் பிடிச்சிருங்க. கதவைப் பூட்ட மாட்டோம்."

"அதான் சரி! சாமி உள்ள போங்க!" என்று கூட்டம் கைதட்டியது. கூட்டத்துக்கு என்ன, வேடிக்கை பெரிதானால் சரி.

சாமியார் முகத்தில் எண்ணெய் வடிந்தது. "நேரம் சரியில்லை" என்றார். "அஷ்டமி" என்றார். கூட்டம் விடுமா? பத்துத் தகடுகளைக் கழுத்தில் மாட்டி, தோளில் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே இறக்கிவிட்டது. மாணவர்கள் ஆசிட்டைக் கொதிக்க வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். பிச்சைமுத்து கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார். மகள் பிழைக்க வேண்டுமே என்று அவர் உதடு முணுமுணுத்தது.

இரண்டேகால். உடுக்கைச் சத்தம் பலமாகக் கேட்டது.

இரண்டு இருபது. உடுக்கைக்கு நடுவே இருமல்.

இரண்டு இருபத்தைந்து. உடுக்கை உருண்டு ஓடியது. எலுமிச்சம் பழம் வெட்டுகிற கத்தியை எடுத்து, தான் கட்டிய மஞ்சள் கயிற்றைத் தானே அறுத்தார் சாமியார். ஜன்னலைப் படாரென்று திறந்து வெளியே எட்டிக் குதித்தார். செம்பருத்திச் செடி மேல் விழுந்தார்.

"ஆசிட்டுடா! ஆசிட் புகைடா பாவிங்களா! எல்லா ஜன்னலையும் தொறங்கடா!"

வீரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சாமி, துரை எங்க?"

"துரையாவது மண்ணாவது! மூச்சு முட்டுது, தண்ணி குடு!"

"அப்ப ஆசிட்டுன்னு முதல் நாளே உங்களுக்குத் தெரியும்!"

சாமியார் தண்ணீருக்குக் காத்திருக்கவில்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எடுத்த ஓட்டம், பஸ் ஸ்டாண்டில்தான் நின்றதாகக் கேள்வி. தகடு வாங்கியவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். பக்தி முற்றிவிட்டது!

"எஸ்டேட்டு ஸ்டோர்ல பதினஞ்சு வருஷம் ரப்பர் பாலுக்கு ஆசிட் ஊத்தினவ நான்," என்றாள் வீரம்மா. "சுவரே இல்லாத கொட்டாய்லயே கண்ணு எரியும். நீங்க நாலு பக்கமும் சாத்திக்கிட்டுக் கொதிக்க வைக்கிறீங்க. ஏன் அண்ணே, அந்தக் கண்ணாடிப் பெட்டி எதுக்கு இருக்கு?"

கண்ணாடிப் பெட்டி! பிச்சைமுத்துவுக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. ஆசிட் புகையைக் காற்றாடி வைத்து உறிஞ்சிக் கூரைக்கு மேலே தள்ளுகிற பெட்டி அது. சரஸ்வதி பூசைக்கு இடம் தேடியபோது, மேலே புகைபோக்கியோடு கோபுரம் வைத்த கோயில் மாதிரி அது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. சரஸ்வதி படத்தை உள்ளே வைத்தார். விளக்கு அணைகிறதே என்று காற்றாடியை நிறுத்தினார். பூசை முடிந்தது. சாமி படத்தில் கை வைக்கப் பயந்து எல்லாரும் கொதிக்கிற ஆசிட்டை மேசைக்கு மாற்றினார்கள். அடுத்த செவ்வாயே துரை வந்துவிட்டான்.

"நான்தான் உன்னை விழ வெச்சேன் செல்லாயி. நான்தான்டா அந்தத் துரை," என்று பிச்சைமுத்து எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.

"சரிப்பா, இப்ப படத்தை எடுப்பா," என்றாள் அவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

எடுத்தார். படம் ஆடாமல் இருக்க அடியில் எதையோ முட்டுக் கொடுத்திருந்தாரே, அதுவும் கையோடு வந்தது. ஆய்வுக்கூடப் பாதுகாப்பு விதிமுறைப் புத்தகம்! ஒரு பக்கம்கூடப் புரட்டப்படாமல், எண்ணெய் பிசுக்கோடு. இராமசாமி அதைப் பார்த்ததும் வாசற்படியிலிருந்து இன்னும் ஒரு படி இறங்கிக்கொண்டார். கார்த்திகேசு தாமே போய் ஏர்கானை அணைத்தார்.

பிச்சைமுத்து காற்றாடியைப் போட்டார். செல்லாயி அப்பாவின் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை உருவி, பெட்டிக்குள் வைத்துக் கொளுத்தினாள். புகை ஒரு இழைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. நேராக மேலே போனது.

சரஸ்வதி இப்போது ஆபீஸ் சுவரில் நல்ல காற்றோட்டமாக இருக்கிறாள். உங்கள் ஊரிலும் ஏதாவது துரை வந்தால், முதலில் ஜன்னலைத் திறந்து பாருங்கள் ஐயா. அதற்கும் முன்னால் மண்டையைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். அங்கேதான் ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடக்கிறது!