ஐரினின் வைக்கோல் கட்டு

சேசு மரி சூசை துணை

சாந்தோம், மதராஸ்
1943 டிசம்பர் 22

சர்க்கார் பட்டாளத்துக்கு முதுகெலும்பாக நிற்கும் அருமை மாப்பிள்ளை அகஸ்டினுக்கு, உங்கள் மனைவியின் அண்ணனும் உங்கள் மகளின் ஒரே தாய்மாமனுமாகிய ஸ்தனிஸ்லாஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி ஆனியும், தங்கை ஃப்ளோராவும், குழந்தை ஐரினும் தேவகிருபையால் சௌக்கியம். நீங்கள் சௌக்கியம் என்பதும் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. எந்த ஊரில் சௌக்கியம் என்பதை மட்டும் பட்டாளத்துத் தணிக்கைக்காரன் மை பூசி மறைத்துவிட்டான். போகட்டும், அவனும் பிழைக்க வேண்டும்.

இன்றோடு ஐரினின் பள்ளிக்கூடத்தைக் கிறிஸ்துமஸுக்கு மூடிவிட்டார்கள். அதற்கு முன் நடந்த விழாவை நீங்கள் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆற்றவில்லை. நான் நாலாம் பாரம் வரை படித்தவன், பரீட்சை மட்டும்தான் எழுதவில்லை, ஆகையால் சுருக்கமாகவே எழுதுகிறேன். இந்தக் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் ஒரு பிள்ளை தனக்குப் பிரியமான ஒன்றை விட்டுக்கொடுத்தால் அதற்குப் பரித்தியாகம் என்று பெயர், அந்தப் பரித்தியாகத்துக்கு ஒரு வைக்கோல். மிட்டாயைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்தால் ஒன்று, அடித்தவளைத் திருப்பி அடிக்காவிட்டால் ஒன்று. வைக்கோலை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து, கட்டாகக் கட்டி, பெயர் எழுதிக் கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கீழே வைக்க வேண்டும். கணக்குப் பார்ப்பது அவரவர் மனசாட்சி. கடைசி நாளில் அத்தனையும் பிரித்துப் பரப்பினால் தேவபாலனுக்குப் படுக்கை. யார் கட்டு பருமனோ அந்தப் பிள்ளைதான் தேவபாலன் சுரூபத்தை ஏந்திக்கொண்டு போய் அதில் படுக்க வைக்கும். அப்போது அதன் காதில் ஒரே ஒரு விண்ணப்பம் சொல்லிக்கொள்ளலாம், அது தட்டாமல் பலிக்கும் என்று பிள்ளைகளுக்குள் பேச்சு.

உங்கள் மகள் என்ன கேட்க இருந்தாள் என்று நான் சொல்ல வேண்டுமா? ஒன்றரை வருஷமாக உங்கள் முகம் பார்க்காத பிள்ளை. "மாமா, அப்பாவுக்கு லீவு குடுக்கச் சொல்லிக் காதுல கேக்கப் போறேன். யார்கிட்டயும் சொல்லிடாத" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, தெருவில் வீடு விட்டு வீடு போய்த் தானே சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் கட்டைப் பார்த்தால் ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறது. உடம்பில் ஓடுவது பட்டாளத்து இரத்தம், அடித்தவளை அடிக்காமல் விடுமா? நேற்று இராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டாள். ஃப்ளோரா சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை, பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா?

விடிந்ததும் தெருமுனை ஜட்காக்காரன் இனாயத்தைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். "இன்னா நைனா, கொயந்த அப்பனைக் கேக்குது, அதுக்கு வைக்கோலு இல்லேன்னா சொல்லுவேன்? குதிரைக்கு வாங்கினது கீது, வேணுங்கறமட்டும் எடுத்துக்கினு போ" என்றான் அந்தப் புண்ணியவான், காசைக் கையால் தொடவில்லை. ஒரு யானை காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு ஏற்றினோம். இது ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைக்காக நான் செய்த பரித்தியாகங்களும் இருக்கிறதல்லவா? சுருட்டை விட்டேன், யுத்தத்தினால் கடையில் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனியிடம் பதில் பேசுவதை விட்டேன், அதில் மட்டுமே ஒரு வைக்கோல்போர் தேறும்.

விளக்குக் கட்டுப்பாடு அமலில் இருப்பதால் விழாவைப் பகலிலேயே வைத்தார்கள். காகித நட்சத்திரம் விளக்கேற்றாமலே வராந்தாவில் தொங்கியது. ஏற்றியிருந்தால் இலங்கை வரைக்கும் தெரிந்திருக்கும், அவ்வளவு பெரிது. சீமைப் பாண்டு வாத்தியம், பெற்றோர் கூட்டம் ஆயிரம் பேர். நானும் இனாயத்தும் வைக்கோலைக் கொண்டுபோய் இறக்கியதும் மதர் சுப்பீரியர் அதை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அழகான தமிழில், "மிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ், இவ்வளவு பரித்தியாகம் செய்த பிள்ளை இந்நேரம் மோட்சத்தில் அல்லவா இருக்க வேண்டும்?" என்றார். ஒரு கன்னியாஸ்திரீயின் வாயிலிருந்து இதைவிடப் பெரிய புகழ்ச்சி வருமா? அதற்குள் இன்னொரு அதிசயம். இனாயத்தின் குதிரை யாரும் கூப்பிடாமல் தானாகவே வராந்தாப் படியேறி வந்து, குடிலின் முன்னே தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. பெத்லகேமில் மாடும் கழுதையும் செய்த மரியாதையைச் சாந்தோமில் ஒரு ஜட்காக் குதிரை செய்தது மாப்பிள்ளை. சிஸ்டர்மார்கள் கூக்குரலிட்டார்கள், பக்தியினால்.

அப்புறம் ஐரின், வெள்ளைக் கவுனும் ஜரிகைக் கிரீடமுமாகச் சம்மனசு மாதிரி வந்து, தேவபாலனை ஏந்தி, படுக்க வைத்து, குனிந்து காதில் சொன்னாள் பாருங்கள், நான்காம் வரிசையில் இருந்த என் காதிலேயே விழுந்தது போல இருந்தது. மதருக்கும், இனாயத்துக்கும், வாயில்லா ஜீவனாகிய அந்தக் குதிரைக்கும் நம் குடும்பம் நன்றிக்கடன்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மூன்று பேருக்காகவும் வேண்டிக்கொள்ளப் போகிறேன், குதிரைக்கு வேண்டலாமா என்று சாமியாரிடம் கேட்டுக்கொண்டு.

தேவமாதாவின் முந்தானை உங்கள் கூடாரத்தின் மேல் விரிந்திருக்கட்டும். குண்டு எதுவும் உங்கள் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும். கிறிஸ்துமஸ் வாழ்த்தும் ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கும்
ஸ்தனிஸ்லாஸ்

பி.கு: ஒட்டுவதற்கு முன் ஆனி இதை வாங்கிப் படித்துவிட்டாள். "சண்டைக்குப் போன மனுசனுக்குப் புளுகி அனுப்பாதீங்க. ஏந்தினது யாருன்னு எழுதுங்க" என்று பேனாவைத் திரும்பக் கையில் திணித்துவிட்டாள். ஆகையால் எழுதுகிறேன். ஐரின் ஏந்தவில்லை. நான் கொண்டுபோன வைக்கோலைக் குதிரைக்கே திருப்பிப் போடச் சொன்னார் மதர்; அதற்குள் குதிரையே படியேறி வந்து தின்ன ஆரம்பித்துவிட்டது, தலை தாழ்த்தியது அதற்குத்தான். பாண்டு வாத்தியமும் இல்லை, ஒரு ஆர்மோனியம். தேவபாலனை ஏந்தியது மயிலாப்பூரிலிருந்து வரும் நீரஜா என்கிற பிள்ளை, வகுப்பில் ஐரினுக்குப் பக்கத்து இடம். அவள் கட்டு அத்தனையும் நியாயமான வைக்கோல். ஐரின் ஃப்ளோராவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் மனசு சரியில்லை. எல்லாம் முடிந்ததும் அந்த நீரஜாவைக் கூப்பிட்டு, காதில் அப்படி என்னதான் கேட்டாய் என்று விசாரித்தேன்.

"ஐரினோட அப்பாவுக்கு லீவு வேணும்னு கேட்டேன், மாமா" என்றாள்.

உனக்கென்று ஒன்றும் கேட்கவில்லையா அம்மா என்றேன்.

"எனக்கென்ன? எங்கப்பா ஆத்துலதானே இருக்கார்."

மாப்பிள்ளை, இதை எப்படி எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அரை மணி நேரமாக யோசிக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. ஐரின் இராத்திரிக்கு இரண்டு தோசை சாப்பிட்டாள். மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது. உங்கள் துரையிடம் நீங்கள் கேட்க வேண்டியதுதான் பாக்கி.